போனபடியே வந்த பிள்ளை

அன்புக்கரசி நகராட்சித் தேர்தலில் கவுன்சிலர் பதவிக்கு மனு கொடுத்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பதினேழு வயதில் அவள் எந்தப் பையனாக இருந்தாளோ, அந்தப் பையன் அதே பதினேழு வயதோடும் அதே நீலக்கட்டம் போட்ட சட்டையோடும் அவளுடைய அம்மா வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். விருத்தாசலத்தில் இது யாருக்கும் புதுசு இல்லை. தக்காளி விலை ஏறினால்கூட நான்கு நாள் பேசித் தீர்க்கிற ஊர், இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் மட்டும், "அது அமிர்தத்தோட புள்ளைங்க, பிராது கட்டி வாங்குனது" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

அமிர்தம் பீங்கான் பொம்மை செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். அங்கே கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் அச்சை இரண்டாகப் பிரித்துப் பொம்மையை எடுப்பார்கள். இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் பொம்மையின் காதோரத்திலிருந்து இடுப்புவரை மெல்லிய கோடு ஒன்று விழுந்திருக்கும். அதைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கோடு இருந்த சுவடே தெரியாமல் ஆக்குவது அவள் வேலை. புருஷன் மாணிக்கவேல் அதே கம்பெனியில் சூளை பார்த்தான். சூளையின் சூடு அவன் நாக்கிலும் கையிலும் ஏறியிருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கொண்டு பிறந்த ஒரே பிள்ளைக்குக் கொளஞ்சியப்பன் என்று பெயர் வைத்தார்கள். வளர வளரப் பிள்ளையின் நடையும் பேச்சும் பெண்ணாக வந்தது. அமிர்தம் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். மாணிக்கவேல் பார்த்தான், அடித்தான். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் பிள்ளை அம்மாவின் கண்ணாடி வளையல்களைப் போட்டுக்கொண்டு அழகு பார்த்ததைக் கண்டவன், கழற்றச் சொல்லும் பொறுமைகூட இல்லாமல், வளையலைக் கையோடு சேர்த்துச் சுவரில் அறைந்து உடைத்தான். துண்டுகள் மணிக்கட்டுக்குள் இறங்கின. மறுநாள் காலையில் பிள்ளை கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது. ஜங்ஷனில் எந்த ரயிலில் ஏறியது என்று யாருக்கும் தெரியவில்லை.

கொளஞ்சியப்பர் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பொருளைப் பறிகொடுத்தவர்கள், ஏமாந்தவர்கள், ஆளைத் தொலைத்தவர்கள் தங்கள் குறையை மனுவாக எழுதி, சாமி முன்னால் வைத்து வாங்கி, வெளியே முனியப்பர் எதிரில் இருக்கும் வேலில் கட்டிவிட்டுப் போவார்கள். அதுதான் பிராது. போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தும் ஆகாதது அங்கே மூன்று மாதத்துக்குள் ஆகிவிடும் என்பார்கள். காரியம் முடிந்தால் கட்டியவரே வந்து பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அவருக்குப் பதில் இன்னொருவர் வாங்க முடியாது. அமிர்தத்துக்கு எழுத வராது. கோயில் வாசலில் மனு எழுதித் தருபவர் அன்று காலையிலிருந்து மாட்டுத் திருட்டுப் பிராதாகவே எழுதிக்கொண்டிருந்தார். அதே வேகத்தில், காணாமல்போன மாட்டுக்குப் போடுகிற வாசகத்தையே போட்டு, 'என் மகன் கொளஞ்சியப்பனைப் போனபடியே என்னிடம் சேர்ப்பிக்க வேண்டும்' என்று முடித்துவிட்டார். மாடு என்றால், கொம்பு சீவாமல் அடையாளம் மாற்றாமல் போனபடியே வரவேண்டும் என்று கேட்பது நியாயம். பெற்ற பிள்ளையை அப்படிக் கேட்கலாமா என்று அவரும் யோசிக்கவில்லை, அமிர்தமும் யோசிக்கவில்லை. மூன்று மாதம் முடிவதற்குள் ஒரு சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

போனபடியேதான் வந்திருந்தான். மணிக்கட்டில் சுற்றிய துணிகூட மாறவில்லை. துணிக்கு அடியில் காயம் செக்கச்செவேல் என்று இருந்தது. வடியவும் இல்லை, காயவும் இல்லை. இடது காதிலிருந்து கழுத்து வழியாகச் சட்டைக்குள் மெல்லிய கோடு ஒன்று இறங்கியது. அமிர்தம் கத்தவில்லை. ஈரத்துணி எடுத்துவந்து, கையோடு வந்த பழக்கத்தில் அந்தக் கோட்டைத் தேய்த்துத் துடைத்து, சுவடு தெரியாமல் ஆக்கிவிட்டுத்தான் உட்கார்ந்து அழுதாள். அவன் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. பொம்மையின் விரல்களைப்போல் அவன் விரல்கள் ஒட்டியபடி இருந்ததால் ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. தினமும் காலையில், "போயிட்டு வரேம்மா" என்பான், எங்கேயும் போகமாட்டான். மாணிக்கவேலுக்குத் திருப்தி. நடக்காத பிள்ளையின் நடையில் என்ன குறை காண முடியும்? அந்தத் திருப்தியோடு சில வருஷம் இருந்து, சூளைக்காரர்களுக்கு வருகிற இருமல் வந்து செத்துப்போனான். அதன்பிறகு அம்மாவும் பிள்ளையும்தான். அவள் காலையில் காயத்துக்குத் துணி மாற்றிக் கட்டுவாள், தலை வாரிவிடுவாள், வேலைக்குப் போவாள். அவளுக்கு நரை விழுந்தது. அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை.

ரயில் ஏறிப்போன பிள்ளை வடக்கே பல ஊர்களில் கைதட்டிக் காசு வாங்கிப் பிழைத்து, அடிபட்டு, ஆபரேஷன் செய்துகொண்டு, தனக்குத் தானே அன்புக்கரசி என்று பெயர் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்தது. பெட்டியோடு நேராக அம்மா வீட்டுக்குத்தான் போனாள். கதவைத் திறந்த அமிர்தம் புடவை கட்டியிருந்த அந்த உருவத்தை மேலும் கீழும் பார்த்தாள். மணிக்கட்டுத் தழும்பையும் பார்த்தாள்; பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா, தெரிந்தது.

"யாருங்க வேணும்?"

"நாந்தாம்மா."

"எம்புள்ள உள்ள இருக்கான்" என்றாள் அமிர்தம். "நீங்க வூடு மாறி வந்துட்டீங்க."

அன்புக்கரசி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் அவளே உட்கார்ந்திருந்தாள். அப்படித் தன்னையே பார்க்க நேர்ந்தவர்கள் ஊரில் வேறு யாரும் இல்லாததால், அந்த நேரத்தில் என்ன செய்வது என்று அவளுக்குச் சொல்லித்தர ஆளில்லை. அவள் தினமும் கனவில் வெறுத்த அந்தப் பையன் எவ்வளவு சின்னவனாக இருந்தான் என்பதுதான் அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். ஊரைவிட்டுப் போகவில்லை. அம்மா வாயால் ஒரே ஒரு தடவை 'இவ எம்புள்ள' என்று கேட்க வேண்டும், அதைக் கேட்காமல் சாகக்கூடாது என்று ரோஷம் வந்துவிட்டது.

பொம்மைக் கம்பெனியில் வர்ணம் பூசுகிற ரெஜினா அவளுக்கு வேலை வாங்கித் தந்தாள். அம்மா இருந்த அதே தெருவின் கடைசியில் இருந்த தன் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையும் தந்தாள். ஊர் அன்புக்கரசியைப் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். புதுக்கடை திறந்தால் அவளைக் கூப்பிட்டு, வாசலில் நின்று கைதட்டி வாழ்த்தச் சொல்வார்கள். உள்ளே நாற்காலி இருக்கும், உட்காரச் சொல்லமாட்டார்கள். ஊர் முழுக்கப் பீங்கான் கப்பு செய்து லாரியில் ஏற்றுகிறார்கள். டீக்கடையில் அவளுக்கு மட்டும் பேப்பர் கப்பு. கட்சிக்காரர்கள் வருஷத்துக்கு ஒருநாள் அவளுக்குச் சால்வை போர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டு, மறுநாள் எதிரில் பார்த்தால் போன் பேசுகிறவர்களாகிவிடுவார்கள். ஆனால் ரேஷன் கடையில் விரலை வைத்தால் ரேகை விழாத கிழவிகளும், உதவித்தொகை நின்றுபோன விதவைகளும் அவளிடம்தான் வந்தார்கள். அவள் போய் நின்று சத்தம் போட்டால் காரியம் நடந்தது. அவளைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொள்ளக் கூச்சப்பட்ட அதிகாரிகள், அவள் சீக்கிரம் போய்விட வேண்டும் என்பதற்காகவே வேலையை முடித்துக் கொடுத்தார்கள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நகராட்சித் தேர்தல் வந்தது. அந்த வார்டின் கவுன்சிலர் பதவியை வெகுநாளாகக் கையில் வைத்திருந்தவர் ராஜாங்கம், அமிர்தத்தின் கூடப்பிறந்த தம்பி. அவர் ஆள்விட்டு அன்புக்கரசியைக் கூப்பிட்டு, மனுத்தாக்கல் ஊர்வலத்தில் மேளத்துக்கு முன்னால் ஆட வேண்டும் என்றார்.

"ஆடல மாமா" என்றாள் அவள். "நிக்கிறேன்."

மாமா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ராஜாங்கத்துக்கு அவள் நிற்பதைவிட அந்த வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. ரெஜினா முன்மொழிந்து கையெழுத்துப் போட, அன்புக்கரசி சுயேச்சையாக மனு கொடுத்தாள். கிழவிகள் வீடு வீடாகப் போய் அவளுக்காகப் பேசினார்கள். அவள் ஜெயித்துவிடுவாள் என்று டீக்கடையிலேயே பேச்சு வந்ததும், மனுப் பரிசீலனை அன்று ராஜாங்கம் அக்காவையும் ஜன்னலோரத்துப் பையனையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, அதிகாரி முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பையனை உட்காரவைத்தார்.

"ஐயா, இந்த மனுவுல முன்னாள் பேரு கொளஞ்சியப்பன்னு போட்டுருக்குது. அம்மா பேரு அமிர்தம்னு போட்டுருக்குது. அந்தக் கொளஞ்சியப்பன் இதோ குந்தியிருக்கான். பதினேழு வயசு. அப்ப அங்க நிக்கிறது யாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

அதிகாரி வெளிமாவட்டத்துக்காரர். பையனிடம் வயதைக் கேட்டார். அவன், "போயிட்டு வரேம்மா" என்றான். அன்புக்கரசி கையை நீட்டித் தழும்பைக் காட்டினாள். ராஜாங்கம் பையனின் கையைத் தூக்கித் துணியை அவிழ்த்து, அதே இடத்தில் அதே காயம் பச்சையாக இருப்பதைக் காட்டினார். அதிகாரி இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அரசாங்கத்தில் இதற்கு விதி ஏதும் இல்லை. கடைசியில், பெற்றவள் சொல்வதை எடுத்துக்கொள்கிறேன் என்று அமிர்தத்தின் பக்கம் திரும்பினார்.

"இதுல யாரும்மா உங்க புள்ள?"

அமிர்தம் பையன் தோளில் கையை வைத்தாள். "இவந்தாங்க" என்றாள்.

"அப்ப இவங்க?"

"தெரியாதுங்க."

அன்புக்கரசி, பையனின் காயத்தில் துணி கட்டாமல் அப்படியே விட்டிருந்ததைப் பார்த்து, குனிந்து அதைக் கட்டிவிட்டு வெளியே போனாள். மனு தள்ளுபடி ஆயிற்று, ராஜாங்கம் ஜெயித்தார். யாரோ அவள் அறைக் கதவில் களிமண் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனார்கள். அவள் அதைக் கழுவாமல் விட்டாள். காய்ந்து தானாக உதிர இரண்டு மழைக்காலம் ஆனது.

அமிர்தத்தின் நெஞ்சில் அத்தனை வருஷமும் ஏறியிருந்த மண் தூசி அதற்குப் பிறகு வேலையைக் காட்டியது. நடந்தால் மூச்சு வாங்கியது, பிறகு படுத்தால் வாங்கியது, கண்ணும் மங்கியது. பக்கத்து வீட்டார் கொஞ்சநாள் கஞ்சி கொடுத்தார்கள், அப்புறம் அவரவர் பாட்டைப் பார்த்தார்கள். ராஜாங்கம் வாரம் ஒருநாள் வாசலில் வண்டியை நிறுத்தி விசாரித்துவிட்டுப் போனார். பையன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அம்மா தண்ணி தண்ணி என்று கேட்டால் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான். ரெஜினா வந்து சொன்னாள், "அன்பு, உங்கம்மா பாயிலயே கெடக்குறாங்க. நீ கோவத்த அப்பறம் வச்சிக்கலாம்."

அன்புக்கரசி போனாள். வாசலில் யாரும் யார் வேண்டும் என்று கேட்கவில்லை. துடைத்தாள், பாய் மாற்றினாள், தண்ணீர் புகட்டினாள். அமிர்தம் முதலில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாகம் மானத்தைவிடப் பெரியது என்பதால் பிறகு திரும்பினாள். அம்மாவுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று அன்புக்கரசி உள்ளே வரும்போது வளையல்களைக் கழற்றி மாடத்தில் வைத்துவிடுவாள். ஒருநாள் அமிர்தம் அந்தக் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். விரல் தழும்பில் நின்றது.

"வளையல கழட்டாத. சத்தம் கேட்டாதான் நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரியும்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி பேசினாள். "அன்னிக்கு ஆபீசுல உன்னன்னு சொல்லியிருந்தா இவன் போயிருப்பான். ஒரே புள்ளைய எத்தன தடவடி தொலைக்கிறது?"

அன்புக்கரசி அழுதாள். கோபமும் இருந்தது, அதையும் சேர்த்தே அழுதாள். அடுத்த நாள் காலையில் அமிர்தம் தானாகவே சொன்னாள், கோயிலுக்கு அழைச்சிட்டுப் போ, பிராத நானே திருப்பி வாங்கி இவன அனுப்பிடறேன், வர்ற வழியில உன் மாமன் வூட்டு வாசல்ல நின்னு ஊருக்குக் கேக்கறாப்புல ஒரு வார்த்த சொல்லணும் என்று. என்ன வார்த்தை என்று அன்புக்கரசி கேட்கவில்லை. அதற்காகத்தான் அவள் இந்த ஊரில் பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். பையனுக்குத் தலை வாரிவிட்டு, அவன் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்துவிட்டு, அமிர்தம் ஆட்டோவில் ஏறினாள். அது நாடாளுமன்றத் தேர்தல் சமயம். பாலக்கரையில் யாரோ பெரிய தலைவர் வேனில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அவர் வரும்வரை வெயிலில் காத்திருந்த கூட்டம் இப்போது நகர வழியில்லாமல் நின்றது. வேனுக்கு முன்னால் வெளியூரிலிருந்து கூட்டிவந்த திருநங்கைகள் கட்சித் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்தார், இறங்கிப்போய்க் கெஞ்சியும் பார்த்தார். தலைவர் அப்போது திருநங்கைகளின் உரிமையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார், நல்லாவே பேசினார். அமிர்தம் மகளின் கையை வளையலோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கைதட்டல் ஓய்ந்து வழி விட்டபோது அந்தப் பிடி தளர்ந்திருந்தது. ஆட்டோ வந்த வழியே திரும்பியது.

சாவு வீட்டில் ராஜாங்கம் எல்லாவற்றையும் முன்னின்று செய்தார். கொள்ளிச்சட்டியை மகன்தான் பிடிக்க வேண்டும், மகன் வீட்டிலேயே இருக்கிறான் என்றார். இரண்டு பேர் பையனைத் தூக்கிவந்து வாசலில் நிற்கவைத்தார்கள். உள்ளே ஒன்றுமில்லாதவன்போல் லேசாக இருந்தான். ஒட்டிய விரல்களுக்கு இடையில் சட்டியை வைத்தார்கள். கை வழுக்கி, சட்டி விழுந்து உடைந்து, கங்கு தெருவெல்லாம் சிதறியது. பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். இன்னொரு சட்டி வந்தது. அதையும் பையன் கையில் வைக்கப் போனவர்களை ராஜாங்கம் தடுத்தார். தெருவே அவர் வாயைப் பார்த்தது. தான் ஆடக் கூப்பிட்டவளை, அதிகாரி முன்னால் யாரென்று தான் கேட்டவளை, அவர் இப்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவ புள்ளையே புடிக்கட்டும்" என்றார்.

எந்தப் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட்டம் தானாக விலகி வழி விட்டது. ஈரப்புடவையோடு நின்ற அன்புக்கரசி சட்டியை வாங்கிக்கொண்டு பாடைக்கு முன்னால் நடந்தாள். சொல்ல வேண்டியவள் சொல்லாமலே போய், வேறொருவர் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. இருந்தாலும் அது தெரு முழுக்கக் கேட்டது. சுடுகாட்டுவரை வளையல் சத்தம் நிற்கவில்லை.

கருமாதி முடிந்து அவள் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் விசாரித்தாள். கட்டியவரே வந்தால்தான் வாங்க முடியும் தாயி என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பையன் இருக்கிறான். அன்புக்கரசி ரெஜினா வீட்டுப் பின்கட்டைக் காலி செய்துவிட்டு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். அடுத்த நகராட்சித் தேர்தலுக்கு மறுபடி மனு கொடுக்கப்போகிறாள். இந்தத் தடவை பையனைத் தானே அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஜெயிப்பாளா என்பது தெரியாது. டீக்கடையில் இன்னும் பேப்பர் கப்புதான்.

அந்த வீட்டுக்குக் குடிவந்த மறுநாள் காலையில், பையனுக்குத் துணி மாற்றிக் கட்டி, தலை வாரிவிட்டு, சாப்பாட்டுக் கூடையை எடுக்கும்போது அவன், "போயிட்டு வரேம்மா" என்றான். அமிர்தம் பின்னால் நிற்கிறாளோ என்று அன்புக்கரசி திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்திரமா போயிட்டு வா சாமி" என்றாள்.

அவன் வழக்கம்போல எங்கேயும் போகவில்லை. அவள் கதவைச் சாத்தாமல் வேலைக்குக் கிளம்பினாள்.